பெண் காடை அழைக்கிற சத்தம்

எல்லாப் பெண் பறவையும் ஒரு கிளையில் உட்கார்ந்துகொண்டு ஆண் ஆடுவதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை என்று நான் வகுப்பில் சொன்ன வருடம், என் வீட்டிலும் அதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்லூரியில் பியுசி, அதாவது பிளஸ் டூ, பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். பரீட்சைக்கு இதெல்லாம் வராது. வராததைச் சொல்லும்போதுதான் பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள், அதனால் சொல்வேன்.

பேத்தமங்களா ஏரியில் தாமரை இலைமேல் நடக்கிற இலைக்கோழியைப் பற்றிச் சொன்னேன். அதில் பெண்தான் பெரிது, பெண்தான் சண்டைக்காரி. ஒரு ஆணோடு கூடி முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். முட்டைமேல் உட்காருவதும் குஞ்சை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் ஆணின் வேலை. பையன்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பெண் பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

"மேம், அப்போ அந்தப் பொண்ணு தானா போய் அவன் முன்னாடி நிக்கணுமா? வெக்கமா இருக்காதா?"

வெட்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். யாரிடம் இருப்பது தட்டுப்பாடோ அவர் முன்னால்தான் மற்றவர் ஆட வேண்டும். பெரும்பாலும் பெண்ணின் முட்டைதான் தட்டுப்பாடு, அதனால் ஆண் ஆடுகிறது. குஞ்சு வளர்க்கக் கையொழிந்த ஆண் கிடைப்பது அரிது என்றால், ஆட்டம் பெண் பக்கம் வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக அப்படி நடந்தால் நிறமும் குரலும் சண்டைக்குணமும் பெண்ணுக்கே வந்து சேரும். ஒரு வகை வெட்டுக்கிளிக்கு அத்தனை தலைமுறைகூட வேண்டாம். கூடும்போது ஆண் தன் உடம்பிலிருந்தே பெண்ணுக்குத் தின்ன ஊட்டமாக ஒன்று கொடுக்கும். தீனி தாராளமாக இருந்தால் ஆண் பாடும், பெண் தேர்ந்தெடுக்கும். தீனி வற்றினால் அந்த ஒரு வாய்க்காகப் பெண்கள் ஒன்றையொன்று உதைத்துத் தள்ளிக்கொண்டு ஆணிடம் ஓடும். அதே பூச்சி, அதே புல், பஞ்சம் மட்டும்தான் புதிது.

பஞ்சம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டு நான் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். பிள்ளைகள் மணி அடித்துவிட்டதென்று எழுந்து போனார்கள்.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் மெஷின் பாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தார். இந்த ஊரில் பாதிப்பேரைப்போல விடியற்காலை ரயிலில் போய் இருட்டியபின் வருகிறவர். கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது, இவர் போகவில்லை. வேலை தேடினார். பிறகு தேடுவதை நிறுத்தினார். பிறகு பேசுவதை நிறுத்தினார். கேட்டதற்கு உம் என்பார், அல்லது அதுவும் இல்லை. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, பாத்திரத்தைத் தூக்கி எறிந்தால்கூடப் பொறுக்கிக்கொள்ளலாம். இவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார், அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நந்திதுர்க்கில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் நானும் அவரும் ஒரு சீலிங் ஃபேனும்தான்.

பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். பெங்களூரில் மனநல டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினேன். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நாற்காலியிலிருந்து எழவே இல்லை. மறுபடியும் வாங்கினேன், மறுபடியும் அதே பதில். கட்டி இழுத்துக்கொண்டு போகவா முடியும்.

அப்போதுதான் நான் ஆட ஆரம்பித்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் முகம் கழுவிப் பவுடர் போட்டு, பெட்டிக்குள் கிடந்த பட்டுப் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து உடுத்தினேன். பஜாரில் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்தேன். மட்டன் சாப்ஸ் செய்தேன், ஆப்பம் சுட்டேன், அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு துண்டைப் பிய்த்து அவர் வாய்க்கு நேரே நீட்டினேன். கல்லூரியில் நடந்ததை எல்லாம் கைகாலை ஆட்டி நடித்துக் காட்டினேன். என் சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் பிடித்துக்கொண்டார்.

"இன்னா டீச்சர், தினம் கல்யாணத்துக்குப் போற மாதிரி கீறீங்க?"

"வயசாயிடுச்சு இல்லக்கா, இப்பவே கட்டிக்கணும்" என்றேன்.

"கட்டிக்கோ கட்டிக்கோ. உன் வீட்டுக்காரரு குடுத்து வச்சவரு."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வகை ஈ உண்டு. ஆண் ஈ இரை பிடித்து வந்து பெண்ணுக்குக் கொடுக்கும், அதுவும் வயிறு நிறைய முட்டை வைத்திருக்கிறவளாகப் பார்த்து. வெறும் வயிற்றோடு பசியில் இருக்கிறவள் என்ன செய்வாள் என்றால், காற்றை விழுங்கி வயிற்றை ஊதிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் போய்ப் பறப்பாள். இதை நான் முன்பெல்லாம் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்வேன். அந்த வருடம் சொல்லவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. இவர் எங்கே ஒருநாள் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயம். கல்லூரியில் போன் அடித்தாலே பாடத்தைப் பாதியில் விட்டு வெளியே ஓடுவேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போது முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பேன். ஆள் இருந்தால் மூச்சு வரும்.

ஆடி மழை பெய்து புல் முளைத்த சமயம். ஒருநாள் வந்து கதவைத் திறந்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

செருப்பும் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன், தெருவில் இறங்கி ஓடினேன். கறிவேப்பிலை விற்கிற அம்மா மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். மேடு என்றால் சயனைட் மேடு. சுரங்கத்தில் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலைபோல நிற்கிறதே, அது. அதற்கு அந்தப் பக்கம் மூடி போட்ட ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் நேரே இறங்குகிற குழி, இருக்கிறது. மூடி எந்த அளவுக்கு மூடி என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஒரு ஆள் நுழைய இடம் இருக்கும். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கர்த்தரே கர்த்தரே என்று சொல்லிக்கொண்டே ஓடினேன், வேறு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

மேட்டின் அடியில், புல்லுக்கும் முள்ளுக்கும் நடுவில், குப்புறப் படுத்திருந்தார். பிறகு அவர் கை அசைந்தது. காதைத் தரையில் வைத்துப் படுத்திருக்கிறார். நான் பக்கத்தில் போனதும் உதட்டில் விரல் வைத்தார்.

"பம்பு ஓடுது" என்றார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"இன்னா பம்பு?"

"கீழ. தண்ணி எறைக்கறாங்க. அப்பா பாத்த பம்பு. கேளு."

அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் பம்பு பார்த்தவர். கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் இறங்கி, ஆழத்தில் ஏதோ ஒரு லெவலில் எந்நேரமும் ஊறுகிற தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் வேலை. நெஞ்சில் தூசி அடைத்துச் செத்துப்போனார். சுரங்கம் மூடியபின் பம்பையும் நிறுத்தினார்கள், லெவல் லெவலாகத் தண்ணீர் நிரம்பிவிட்டது. அங்கே இப்போது யாரும் எதையும் இறைக்க வழியில்லை. இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னார்.

நானும் மண்டியிட்டேன். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு எனக்கும் கேட்டது.

டுர்ர்ர்ர் என்று, வெகு தூரத்தில் பழைய மோட்டார் ஒன்று ஓடுவதுபோல. காதில் கேட்டதா, முழங்காலில் உணர்ந்தேனா என்று தெரியவில்லை. அடியிலிருந்து வருவதுபோலவே இருந்தது. ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில் ஹூம் ஹூம் ஹூம் என்று அமுங்கி நின்றது. என் கை முடியெல்லாம் நட்டுக்கொண்டது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் பூமி குலுங்கி அலமாரியில் டம்ளர் ஆடினால், பெரியவர்கள் எந்த ஷாஃப்ட், எந்த ஷிஃப்ட், யார் உள்ளே இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். எங்களுக்குச் சத்தம் என்றால் கீழேயிருந்து வருவது. மேலேயிருந்தும் வரும் என்று யோசிக்க மாட்டோம்.

மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நான் தலையைத் தூக்கிக் கேட்டேன். புல்லுக்குள்ளிருந்து வந்தது. அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. நான் விலங்கியல் படித்தவள், தெரியுமல்லவா.

குறுங்காடை. அதில் பெண்தான் பெரிது, பெண்ணுக்குத்தான் தொண்டை கறுத்திருக்கும். தொண்டையை ஊதித் தலையைத் தாழ்த்தி அவள் எழுப்புகிற சத்தம்தான் அது. ஆணைக் கூப்பிடுகிறாள். வந்தால் ஒரு தானியத்தையோ புழுவையோ மூக்கில் எடுத்து அவனுக்கு நீட்டுவாள். முட்டையிட்டதும் போய்விடுவாள், அடுத்தவனைக் கூப்பிட. சத்தம் அவ்வளவு அடித்தொண்டையில் வருவதால் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது.

நான் புல்லில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்குக் கேட்டதே, அதுதான் விஷயம். எனக்கும் கேட்டது. அப்படியானால் அவர் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. இல்லாததைக் கேட்கவில்லை, இருப்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். இந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் செய்கிற தப்பு.

"ஏங்க, அது பறவைங்க. காடை. பொம்பளைக் காடை கத்துது."

அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பறவை பூமிக்குள்ளயா கத்தும்" என்றார்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் மேட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். புல்லைக் கலைத்துத் தேடினால் காடை ஓடி ஒளியும், அவர் கண்ணில் படவே படாது. ஆனால் வழியில் பேசினார். அப்பாவைப் பற்றிப் பேசினார். கீழே ஆட்கள் இருக்கிறார்கள், மேலே வர வழி தெரியாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்றார். யார் போவது என்று கேட்டேன். ஷாஃப்ட் மூடி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு நான் முடிவு செய்துவிட்டேன், அந்தச் சத்தம் ஒரு காடையின் தொண்டையிலிருந்து வருகிறது என்பதை அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தாக வேண்டும். பார்த்துவிட்டால் பம்பும் இல்லை, கீழே ஆளும் இல்லை, போய்ச் சொல்ல வேண்டியதும் இல்லை.

பேத்தமங்களா பக்கத்துக் கிராமத்தில் காடை பிடிக்கிற ஆள் ஒருவர் இருப்பதாக என் மாணவன் ஒருவன் சொன்னான். வனவிலங்கு வாரத்தில் பிள்ளைகளை வைத்துப் போஸ்டர் எழுதுகிறவள் நான். பறவையைப் பிடிப்பது குற்றம் என்று சிவப்பு மையில் எழுதச் சொல்கிறவள். பஸ் பிடித்துப் போய் அந்த ஆள் வீட்டு வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஃபாரஸ்ட் ஆபீஸ் என்று நினைத்து அவர் பின்பக்கமாக நழுவப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒரு பொம்பளைக் காடை ஒரு நாளைக்கு வேணும். கத்தறதா இருக்கணும்."

"திங்கறதுக்கா?" தெலுங்கு வாடையோடு தமிழ் பேசினார்.

"கேக்கறதுக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய்த் துணி சுற்றிய ஒரு சின்ன மூங்கில் கூண்டோடு வந்தார். "இது பிடிச்சு வச்சது இல்ல மேடம், பழக்கி வச்சது. இதக் கொண்டுபோய் வச்சா, இது கத்தும். என் எடத்துல எவ அவ-ன்னு மத்த பொம்பளைங்க சண்டைக்கு வரும். வலை போட்டுருவேன். நாளைக்கு இது திரும்பி வரணும்" என்றார். வரும் என்றேன்.

பஸ்ஸில் மடியில் கூண்டை வைத்துக்கொண்டு வந்தேன். துணிக்குள் ஒரு சத்தமும் இல்லை. கத்து தாயே, வீட்டுக்கு வந்து கத்து என்று அதனிடம் வாய்விட்டே சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் அவர் மேட்டுக்குக் கிளம்பத் தயாராகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இன்று போக வேண்டாம், உட்காருங்கள் என்றேன். கூண்டை அவர் முன்னால் தரையில் வைத்துத் துணியை எடுத்தேன். ஒரு கைக்குள் அடங்குகிற பழுப்புப் பறவை, கறுத்த தொண்டை, வெள்ளையாக வெறிக்கிற கண். ஜன்னலைத் திறந்துவிட்டேன். இரண்டு கம்பு மணியைப் போட்டேன். காத்திருந்தோம். நான் வேண்டாத வேண்டுதல் இல்லை.

வெளியே வெளிச்சம் மங்கியபோது காடை உடம்பைச் சிலிர்த்தது. தலையைத் தாழ்த்தியது. தொண்டை மெல்ல உப்பியது. டுர்ர்ர்ர் என்று ஆரம்பித்தது. அந்தச் சின்ன உடம்பிலிருந்தா என்று எனக்கே நம்ப முடியவில்லை. சிமெண்ட் தரை அதிர்ந்ததுபோல இருந்தது, அறை முழுக்க அந்தச் சத்தம்தான். கடைசியில் ஹூம் ஹூம் ஹூம் என்று நின்றது. யாரும் வரவில்லை. மறுபடியும் தொண்டையை ஊதிக்கொண்டு ஆரம்பித்தது.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். மெஷின் பாகத்தை அளக்கிறவர் பார்வை அது, எனக்குத் தெரியும். அது கத்தும்போது தொண்டையைப் பார்த்தார், நிறுத்தும்போது தொண்டை சுருங்குவதைப் பார்த்தார். விரலைக் கூண்டின் மூங்கில் குச்சியில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுதான் கத்துது" என்றார்.

"ஆமாங்க."

"மேட்டுல கேட்டதும் இதே சத்தம்தான். காடைதான். நீ சொன்னது சரி."

நாளைக்கு டாக்டர், மெதுவாக ஒரு வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று என் மனது அதற்குள் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டது. கூண்டின்மேல் துணியைப் போர்த்தினேன். காடை அடங்கிவிட்டது. டீ போடலாம் என்று எழுந்தேன்.

"இரு" என்றார்.

நின்றேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"அது காடை. சரி. இப்ப ஓடுதே, இதுதான் பம்பு."

நான் கூண்டைப் பார்த்தேன். துணியைத் தூக்கிப் பார்த்தேன். காடை கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. போய் ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். தெருவில் யாரோ ஒரு ஸ்கூட்டரை நிறுத்தினார்கள், அதன்பின் அதுவும் இல்லை. தரையில் உட்கார்ந்து காதைச் சிமெண்டில் வைத்தேன். என் தலைக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

"இப்ப நல்லா கேக்குது" என்றார். "உனக்குக் கேக்குது இல்ல?"

கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. இத்தனை மாதமாகப் பொய்ச் சிரிப்பைச் சிரித்தவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அவரை நானே அந்த ஷாஃப்டுக்குள் இறக்கிவிட்ட மாதிரி.

"இல்லங்க" என்றேன். "எனக்குக் கேக்கல. ஒண்ணுமே கேக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சுவரை அல்ல, என்னை. நான் விளையாடுகிறேனா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த பயத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை இருட்டில் விழித்துக்கொண்டதுபோல.

"அப்ப எனக்கு மட்டுந்தானா" என்றார்.

என் கையைப் பிடித்தார். எலும்பு நோகிற பிடி. "விட்றாத" என்றார். "எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ. விட்றாத."

வேலை போன நாளிலிருந்து அவர் விரல்கூட என்மேல் பட்டதில்லை. பூவும் பட்டும் சாப்ஸும் ஆப்பமும் கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கையைத்தான். என் வீட்டுக்காரருக்குப் புத்தி தப்பிக்கொண்டிருக்கிறது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த அந்த நிமிடத்தில், அவர் கை என் கைக்குள் இருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.